யார்ட் புணானைக்குப் போகப் போகுது

மட்டக்களப்பு
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுறன். வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோவு கொஞ்சம் குறைஞ்சிருக்கு. நீ அனுப்பின மருந்து முடியப் போகுது, அதை மட்டும் பார்த்துக்கொள்.

எங்கட யார்டை, லொறியில் சாமான் ஏத்தி இறக்கிற களஞ்சியத்தை, கொம்பனி டவுனில் இருந்து புணானைக்கு மாத்தப் போகுது எண்டு சொன்னதுக்குப் போன கிழமை போனில் நீ ஒண்டு கேட்டாய். "ஊருக்குள்ள லொறி திரும்ப இடமில்லை, நாற்பதடிக் கொள்கலன் கேற்றுக்குள்ளேயே வராது. கொம்பனி வெளியில காணி எடுத்துப் போறதில என்ன பிழை அப்பா?" எண்டாய். லோட் ஏறிக்கொண்டிருந்த நேரம், பிறகு சொல்றன் எண்டு வைச்சிட்டன். இது நிண்ட நிலையில் சொல்லி முடிக்கிற விசயமும் இல்லை. கொழும்பில் நீ செய்யிற வேலையே எந்தக் களஞ்சியம் எங்க இருக்க வேணும், எந்த லொறி எந்த வழியால ஓட வேணும் எண்டு திட்டம் போடுறதுதான். இண்டைக்கு எங்கட யார்ட். நாளைக்கு வேற ஊர் யார்ட் ஒண்டு உன்ட மேசைக்கு வரும். அதனால்தான் விரிவா எழுதுறன்.

நீ சொன்னதில் சரி இருக்கு. கொழும்பு லோட் எல்லாம் ஹபறணை, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிக்கந்தை தாண்டித்தான் வருது. புணானை அந்த வழியிலேயே இருக்கு. பெரிய வாகனம் அங்கேயே இறக்கிப்போட்டுத் திரும்பினால் டவுனுக்குள் வந்து பள்ளிக்கூடம் விடுற நேரத்தில் மாட்டுப்படத் தேவையில்லை. மாற்றம் எண்டாலே கூடாது எண்டு சொல்ற ஆள் நான் இல்லை. ஓட்டமாவடிப் பழைய பாலத்தில் ரயிலும் லொறியும் ஒரே பாதையில் போன காலத்தில் எவ்வளவு நேரம் காத்துக் கிடந்திருக்கிறம் தெரியுமா? 2010 இல் புதுப்பாலம் திறந்தது எங்களுக்கு நிம்மதி. 2014 இல் மண்முனைப் பாலம் வந்த பிறகு வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரை நெல்லை படகுப்பாதைக்குக் காத்து நிண்டு ஏத்த வேண்டிய கஷ்டம் போயிட்டு. அதெல்லாம் ஊருக்கு நல்லது.

இதில் வேற கணக்கு ஒண்டு இருக்கு. கொம்பனி போட்ட வரைபடத்தில் லொறி இருக்கு, றோட்டு இருக்கு, காணி இருக்கு. யார்டுக்கு நடந்தும் சைக்கிளிலும் வாற ஆக்கள் அதில் இல்லை.

யார்ட் எண்டால் சுவரும் கூரையும் எண்டு கொழும்பில் இருந்து பார்க்கிறவைக்குத் தெரியும். விடியப்புறம் வந்து பார்த்தால்தான் மிச்சம் தெரியும். மூண்டரை நாலு மணிக்கு, மூடை ஏத்தி இறக்கிற நாட்டாமி மார் வருவாங்கள். கருவேப்பங்கேணியில் இருந்து சிலர், திராய்மடுவில் இருந்து அதிகம் பேர். எல்லாம் சைக்கிள். கேற்றடியில் ஒரு அக்கா இடியப்பமும் சம்பலும் வைச்சிருப்பா. அவவின்ட மனிசன் முந்தி எங்களோட மூடை தூக்கினவர், முதுகு விட்டிட்டுது. அதுக்குப் பிறகு அந்த இடியப்பத்தில்தான் மூண்டு பிள்ளையள் படிக்குது. அங்கால ரயர் ஒட்டுற ஏறாவூர் முஸ்லிம் அண்ணன், காக்கா எண்டுதான் கூப்பிடுறம். அதுக்குப் பக்கத்தில் லொறியை மூடுற படங்கு தைக்கிற கிழவர். கிழிஞ்ச படங்கை அவர் தைச்சுத் தந்தால் மாரி மழையிலும் ஒரு மூடை நனையாது. வில்லுத் தகடு உடைஞ்சால் மாத்துற பொடியன், கேற்றடித் தேத்தண்ணிக் கடை, சிந்தின அரிசி பருப்பைக் கூட்டிப் புடைச்சு எடுத்துக் கோழிக்குக் கொண்டுபோற வயசுபோன ஒரு அம்மா. இவையில் ஒருத்தரின்ட பேரும் கொம்பனிக் கொப்பியில் இல்லை. இவை இல்லாமல் ஒரு லொறி கூட நேரத்துக்கு வெளிக்கிடாது.

நாட்டாமி எண்டால் தோளில் பலம் உள்ள ஆள், யாரும் செய்யலாம் எண்டு நினைக்கிறாங்கள். நீ இந்தத் துறையில் இருக்கிறாய், நீ அப்படி நினைக்கக் கூடாது. செங்கலடியால் திரும்பி மகாஓயா, பிபிலை ஏறிப் பதுளைக்குப் போற லோட் எப்படி ஏத்த வேணும் எண்டு அவங்களுக்குத்தான் தெரியும். பாரம் பின்னுக்கு விழுந்தால் ஏத்தத்தில் ஸ்டியரிங் கைக்குப் பிடிபடாது. ஒரு பக்கம் சாய்ஞ்சால் வளைவில் லொறி இழுக்கும். கடைசிக் கடையில் இறக்கிறது முதலில் ஏற வேணும். சவர்க்காரப் பெட்டிக்குப் பக்கத்தில் மா மூடை வைச்சால் மாவில் மணம் ஏறி, கடைக்காரர் திருப்பி அனுப்புவார். இதை ஒருத்தரும் எழுதி வைக்கயில்லை. எங்கட மூத்த நாட்டாமி பின்சில்லைப் பார்த்தே "தம்பி, முன்னுக்கு இன்னும் பத்து மூடை தள்ளுங்கோ" எண்டு சொல்லுவார். அவர் சொல்லித்தான் நான் அந்த மலை றோட்டில் இத்தனை காலம் உயிரோட ஓடினன்.

உனக்கு நான் அதிகம் சொல்லாத ஒரு காலமும் இருக்கு. சண்டைக் காலத்தில் நான் கிளீனரா இருந்து ட்ரைவரா வந்தவன். புணானைப் பக்கத்துச் சோதனைச்சாவடிகளில் லொறியில் இருக்கிற எல்லாத்தையும் இறக்கச் சொல்லுவாங்கள். ஒவ்வொரு மூடையும் குத்திப் பார்த்த பிறகு திரும்ப ஏத்த வேணும். வெயிலிலும் மழையிலும் அதுதான். ட்ரைவரும் கிளீனரும் தனிய அதைச் செய்ய முடியாது. அதனால் நாட்டாமி மார் மூடைக்கு மேல ஏறி எங்களோடயே வந்தாங்கள். பிடிச்சுக்கொண்டு போனால் யார் வீட்டுக்குச் சொல்லுறது எண்டு பேசி வைச்சுக்கொண்டுதான் வெளிக்கிடுவம். அப்படி இந்த ஊருக்கு அரிசியும் மாவும் சீனியும் வந்து சேர்ந்தது. இண்டைக்கு அதே றோட்டில் புது யார்ட் கட்டுறாங்கள், அந்த மனுசருக்கு அங்க இடமில்லை எண்டால் எனக்கு நெஞ்சு பொறுக்குதில்லை மகள்.

திராய்மடு ஆக்களைப் பற்றி ஒண்டு கட்டாயம் சொல்ல வேணும். அவங்களில் பாதிப்பேர் 2004 சுனாமியில் நாவலடிக் கரையில் எல்லாத்தையும் விட்டவங்கள். கடலும் தோணியும்தான் அவங்கட தொழில். வீடு தந்து கடலை விட்டு உள்ளுக்குக் கொண்டுவந்து விட்டாங்கள். வீடு கிடைச்சுது, தொழில் தூரமாயிட்டு. சிலர் கடலுக்குத் திரும்பிப் போனாங்கள். சிலர் சைக்கிளில் போற தூரத்தில் இருந்த எங்கட யார்டுக்கு வந்தாங்கள். வலை இழுத்த கை மூடை தூக்கப் பழகினது. இப்ப அம்பது வயசுக்குக் கிட்ட இருக்கிற அந்த மனுசரை மறுகாலும் இடம் மாறச் சொல்றாங்கள்.

ஆனால் நேராச் சொல்லவும் இல்லை. கொம்பனிக் கடிதத்தில் "ஒருவரும் வேலையால் நிறுத்தப்படமாட்டார்கள்" எண்டு இருக்கு. சரி. நிரந்தர ட்ரைவர் மாருக்கும் கந்தோர் ஆக்களுக்கும்தான் அது. வர ஏலாதவர்கள் தாங்களா விலகினதாக் கடிதம் தர வேணும் எண்டு கீழ ஒரு வரி இருக்கு பார்த்தியா? படம் எடுத்து உனக்கு அனுப்பினன், அந்த வரியைத் திரும்பப் படி. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்யிற இடத்தில், 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஒருத்தரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் எண்டால், அவர் எழுத்தில் சம்மதிக்காமல், தொழில் ஆணையாளரின்ட அனுமதியும் இல்லாமல் நிறுத்த ஏலாது. விலகல் கடிதத்தில் கையெழுத்து வைச்சால் அந்தப் பாதுகாப்பு போயிட்டு. பொடியன் மாருக்கு நான் சொல்லி வைச்சிருக்கிறன், வாசிச்சு விளங்காத ஒரு பேப்பரிலும் கை வைக்க வேண்டாம் எண்டு.

நாட்டாமி மாருக்கு அந்தக் கடிதமே வரயில்லை. அவங்கள் "ஒப்பந்தக்காரரின்ட ஆக்கள்" எண்டு சொல்றாங்கள். அந்த ஒப்பந்தக்காரர் யார் எண்டு கேட்டால், கிழமைக் கூலி பிரிச்சுக் குடுக்கிற அவங்கட ஆளே ஒருத்தர்தான். நியமனக் கடிதம் இல்லை, ஓய்வுக்கெண்டு சேருற சேமலாப நிதி இல்லை. நாட்கூலி, மூடைக்கூலி எண்டாலும் முதல் நாளில் இருந்தே சேமலாப நிதி கட்ட வேணும், தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம் எண்டு நீதான் எனக்கு ஒரு நாள் விளங்கப்படுத்தினாய். அதை நான் அவங்களுக்குச் சொன்னபோது ஒருத்தர் "இவ்வளவு காலத்துக்குக் கணக்குப் பார்த்தால் எவ்வளவு வரும் அண்ணன்?" எண்டு கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியயில்லை. தொண்டை அடைச்சுப் போச்சு.

எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை எண்டு உனக்கு விளங்க வேணும். நியமனக் கடிதம் இருக்கு, சேமலாப நிதி இருக்கு, அஞ்சு வருசம் தாண்டினவைக்கு வேலை விட்டு விலகேக்க குடுக்கிற பணிக்கொடையும் உண்டு. வயசைக் காட்டி 60 வரைக்கும் என்னை அனுப்ப ஏலாது எண்டு 2021 இல் சட்டமும் வந்திட்டு. புணானையில் லோட் எடுக்கச் சொன்னால் லொறியோட போவன், லொறியோட வருவன். "பேசாமல் போங்கோ அப்பா, அல்லது விட்டிட்டு வீட்ட இருங்கோ, நான் காசு அனுப்புறன்" எண்டு நீ பாசத்தில்தான் சொன்னாய். ஆனால் ட்ரைவர் மார் நாங்கள் பேசாமல் போனால் மற்றவைக்காகப் பேச ஆளில்லை. கொம்பனி எங்கட சொல்லுக்குத்தான் கொஞ்சமாவது காது குடுக்கும், லொறியைச் சாவி போட்டு எடுக்கிறது நாங்கள்.

புணானைக்கு அவங்கள் எப்படிப் போறது? விடிய மூண்டு மணிக்குப் பஸ் இல்லை. ரயில் நேரமும் எங்கட லோட் நேரமும் ஒத்து வராது. மோட்டச்சைக்கிள் வைச்சிருக்கிற ரெண்டு மூண்டு பேர் போகலாம் எண்டால், அந்தப் பக்கம் இரவில் யானை றோட்டுக்கு வாற இடம். லொறிக்குள் இருந்தே நான் பயந்து நிப்பாட்டின இடங்கள் அது. கொழும்பில் நீயும் பார்த்திருப்பாய், மெனிங் சந்தையை 2020 நவம்பரில் புறக்கோட்டையில் இருந்து பேலியகொடைக்குக் கொண்டு போனாங்கள். புதுச்சந்தை விசாலம், லொறி நிப்பாட்ட வசதி, அது உண்மை. ஆனால் புறக்கோட்டையில் எனக்கு வழமையா மூடை இறக்கித் தந்த பெரியவரை அங்க நான் காணயில்லை. தோட்டம் எண்டு சொல்ற பக்கத்து நெருக்கக் குடியிருப்பில் இருந்து நடந்து வந்து வேலை செய்தவர். அது ஒரு சில கிலோமீற்றர் தூரம்தான். இது மாவட்டத்தின்ட மற்ற அந்தம்.

கொம்பனிக்கும் இதில் நட்டம் இருக்கு எண்டு நான் நினைக்கிறன். இதில்தான் உன்ட உதவி வேணும். எங்கட சரக்கில் கனக்க தெற்குக்குத்தான் போகுது. காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று. புணானையில் ஏத்தினால் அந்தச் சின்ன லொறி எல்லாம் ஓட்டமாவடி, வாழைச்சேனை, செங்கலடி, ஏறாவூர் கடந்து, திரும்ப இதே டவுனுக்குள்ளால வந்து கல்லடிப் பாலம் ஏறித்தான் போக வேணும். டவுன் நெரிசலைக் குறைக்கப் போறம் எண்டு சொல்லி, ஒரு பெரிய லொறிக்குப் பதிலா நாலு சின்ன லொறியை டவுனுக்குள் விடுறாங்கள். 2022 இல் டீசல் 460 ரூபாய்க்கு ஏறி, எரிபொருள் பங்கீட்டுக் கியூஆரில் லொறிக்குக் கிழமைக்கு 50 லீற்றர் எண்டு வந்த நேரம் என்ன நடந்தது? யார்ட் ஊருக்குள் இருந்தபடியால் நாட்டாமி மார் தள்ளுவண்டியிலும் சைக்கிளிலும் டவுன் கடைகளுக்குச் சாமான் குடுத்தாங்கள். கொம்பனி வியாபாரம் நிக்கயில்லை. அண்டைக்கு யார்ட் புணானையில் இருந்திருந்தால் கடையெல்லாம் வெறும் தட்டுத்தான்.

அதனால் நாங்கள் போகாதே எண்டு கேட்கப் போறதில்லை. கொள்கலன் இறக்கிறதும் வடக்குப் பக்கத்து லோட்டும் புணானைக்குப் போகட்டும். தெற்கு விநியோகத்துக்கு இப்ப இருக்கிற இடத்தில் ஒரு பகுதியை வைச்சிருக்கட்டும். புணானைக்கு வர விருப்பமான ஆக்களுக்கு விடியப்புறமும் பொழுதுபட்ட பிறகும் கொம்பனி வாகனம் விடட்டும். நாட்டாமி மாரின்ட பேரைக் கொப்பியில் எழுதி நியமனக் கடிதம் குடுக்கட்டும். கேற்றடி அக்காவுக்கும் ரயர்க் காக்காவுக்கும் சட்டத்தில் ஒண்டும் இல்லை எண்டு எனக்குத் தெரியும். யார்டில் பாதி இங்க நிண்டால் அவைக்கும் பாதி வாழ்வு நிக்கும்.

இதை நான் வாயால் சொன்னால் "ட்ரைவர் கதைக்கிறார்" எண்டு விட்டிடுவாங்கள். நீ உன்ட கந்தோரில் செய்யிற மாதிரிக் கட்டம் போட்ட தாளில் கணக்காத் தா. புணானையில் இருந்து ஒவ்வொரு ஊருக்கும் தூரம், போய்வர டீசல், நேரம், ஒரு லொறி ஒரு நாளில் எத்தனை ட்ரிப் ஓடலாம். இங்க ஒரு பகுதியை வைச்சிருந்தால் அதே கணக்கு எப்படி மாறும். மேனேஜர் மாருக்கு விளங்கிற விதத்தில் எழுது. எங்களுக்குப் பாதகமா ஏதும் வந்தாலும் மறைக்காதே, அதுக்கும் பதில் யோசிக்க எனக்கு நேரம் வேணும். எங்கட லொறிகள் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுது எண்டு தனித்தாளில் எழுதி இதோட வைச்சிருக்கிறன், பாரத்தோட ஒரு கணக்கு, வெறுமையா ஒரு கணக்கு.

கொம்பனியோட கூட்டம் வெள்ளிக்கிழமை பின்னேரம். தொழில் திணைக்களத்துக்கு வியாழன் காலமை நானும் மூத்த நாட்டாமியும் போறம். அதனால் புதன் இரவுக்குள் எனக்கு அனுப்பு. எழுத்துப் பெரிசா இருக்கட்டும், அவர் கண்ணாடி இல்லாமல் வாசிக்க வேணும்.

அன்புடன்,
அப்பா