நூற்பட்டியல் திரை நூலகரின் கையைப் பின்பற்றட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூலக மென்பொருள் உருவாக்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டியலாக்கும் நூலகர் அருகே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு திரையை வடிவமையுங்கள்.

அவர் முதலில் பார்ப்பது தலைப்புப் பக்கம். அதைத் திருப்பினால் பதிப்பு, ஆண்டு, ஐஎஸ்பிஎன் என்ற பன்னாட்டு நூல் எண். பிறகு கடைசிப் பக்க எண், அளவுகோல். திரையோ பெரும்பாலும் மார்க் (MARC) என்னும் கணினிப் பட்டியல் வடிவத்தின் எண் வரிசையில் நிற்கிறது: 020 ஐஎஸ்பிஎன், 082 டியூயி எண் (நூலைப் பொருள்வாரியாக அடுக்கும் பகுப்பெண்), 100 ஆசிரியர், 245 தலைப்பு, 650 பொருள். கணினிகள் தரவைப் பரிமாறிக்கொள்ள 1960களில் வகுத்த எண்கள் இவை. நூல் எதைப் பற்றியது என்று தெளிந்த பிறகுதான் பகுப்பெண் பிறக்கும். 082-உம் 650-உம் நூலகருக்கு ஒரே யோசனை. திரையில் அவை இரு கோடிகளில் கிடக்கின்றன.

புத்தகத்தை எடுத்ததும் எழும் முதல் கேள்வி, 'இது ஏற்கெனவே இருக்கிறதா?' என்பதே. மறுஅச்சு என்றால் பழைய பதிவில் ஒரு பிரதியைச் சேர்த்தால் போதும். திருத்திய பதிப்புக்குப் புதிய பதிவு வேண்டும். வெற்றுப் படிவத்தை முதலில் நீட்டும் மென்பொருளில் இரட்டைப் பதிவுகள் பெருகும். 2007க்கு முன் ஐஎஸ்பிஎன் 10 இலக்கம், இப்போது 13. முன்னால் 978 சேர்ந்து கடைசிச் சரிபார்ப்பு இலக்கம் மாறினாலும், இடையிலுள்ள 9 இலக்கங்கள் மாறுவதில்லை. அவற்றை ஒப்பிட்டாலே பல இரட்டைகள் பிடிபடும்.

ஆங்கிலத் தலைப்பு 'தி' (The) என்று தொடங்கினால், அகரவரிசைக்கு எத்தனை இடம் தாண்ட வேண்டும் என்று சொல்லும் 245இன் இரண்டாம் சுட்டியில் 4 இட வேண்டும்: மூன்று எழுத்து, ஓர் இடைவெளி. 0 என்றே விட்டால் நூல் 'டி' (T) வரிசையில் போய் ஒளிந்துகொள்ளும். இதை மென்பொருளே முன்மொழியலாம். ஆனால் 'ஏ டு இசட்' என்று தொடங்கும் தலைப்பில் 'ஏ' வெறும் எழுத்து. அதனால் மாற்றும் உரிமை நூலகரிடம் இருக்க வேண்டும். உயரம் 21.3 செ.மீ. என்று அடித்தால் 22 என மேல்நோக்கி முழுமையாக்குவதையும் கணினியே செய்யட்டும்.

மு.வ., மு. வரதராசன், மு. வரதராசனார் மூவரும் ஒருவரே. பெயர்க் கட்டத்தில் 'வரத' என்றதுமே நிறுவிய வடிவம், அதாவது பட்டியல் முழுதும் பயன்படுத்த ஏற்றுக்கொண்ட ஒரே பெயர் வடிவம், அங்கேயே வர வேண்டும். வேறு சாளரம் திறந்தால் பாதி அடித்தது போய்விடும், நினைவும் அறுபடும்.

கட்டாயப் புலங்கள்தான் பெரிய தொல்லை. பொருள் தலைப்பு முடிவாகாமல் சேமிக்க விடாத திரையில், தப்பித்தால் போதும் என்று 'பொது' என இட்டுவிடுவார்கள். அப்புறம் அது யோசித்து இட்டதா, அவசரத்தில் இட்டதா என்று யாராலும் பிரித்தறிய முடியாது. 'பிறகு முடிவு செய்ய' என்று ஒரு குறியும், அப்படிக் குறித்தவற்றின் தனிப் பட்டியலும் கொடுங்கள்.

இப்படிக்கு,
நூற்பட்டியல் பணியிலுள்ள நூலகர்கள்