மலைக்காட்டை அழித்தது யார்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் இலங்கைச் சீகாரப் பூங்குருவியைப் பற்றிய கட்டுரையைக் கண்டதும் மகிழ்ந்தேன். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை. அதைப் பற்றித் தமிழில் எழுதுவோர் எத்தனை பேர்? ஆனால் தேயிலைத் தோட்டத்து மக்கள் விறகு வெட்டியே இக்குருவி வாழும் மலைநாட்டுக் காடு அழிந்தது என்ற வரியைப் படித்ததும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன்.

நான் நுவரெலியாவை அடுத்த ஹக்கலைப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். எங்கள் அடுப்பில் எரிந்தது பெரும்பாலும் கவ்வாத்தில் வெட்டிக் கழித்த தேயிலைச் செடியின் குச்சிகள், அதாவது மிலாறுதான். கொழுந்தெடுத்து முடித்த கையோடு அம்மா அதைக் கட்டிச் சுமந்து வருவார். ஈர மிலாற்றின் புகையில் அவர் கண்கள் எந்நேரமும் சிவந்திருக்கும். காட்டுக்குள் விறகுக்குப் போனவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மலை மலையாகக் காட்டை வெட்டி எரித்துக் கோப்பி நட்டது யார்? 1869இல் தலைகாட்டிய இலைநோயில் கோப்பி அழிந்தபின் தேயிலையைப் பரப்பியது யார்? தாங்கள் அறியாததல்ல. 1872இல் இப்பறவைக்கு வைத்த விஞ்ஞானப் பெயரிலேயே பிளை (Bligh) என்ற கோப்பித் தோட்டத் துரையின் பெயர் இருக்கிறது. துரைக்குப் பெயர், எங்களுக்குப் பழியா?

1948இல், இந்திய வம்சாவளியினர் என்று எங்கள் குடியுரிமையைப் பறித்தார்கள். தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறிய சித்தப்பாவை நாங்கள் பிறகு பார்க்கவே இல்லை. கொழும்புக்குப் படிக்க வந்த என்னைத் தமிழ்ப் பிள்ளைகளே ‘தோட்டக்காட்டாள்’ என்றார்கள். மண்சரிவில் லயம் புதையுண்டாலும் அங்கே ஏன் இருந்தார்கள் என்று எங்களையே கேட்கிறார்கள். இப்போது குருவியின் அழிவும் எங்கள் தலையில்.

அந்தக் குருவியை நான் பார்த்திருக்கிறேன், ஐயா. கருக்கல் நேரத்தில் மலைநீர் விழும் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது ஓடைப் பள்ளத்திலிருந்து கூரிய சீழ்க்கை வரும். குடத்தை இறக்கிவிட்டு அசையாமல் நிற்பேன். ஈரப்பாறையில் கறுப்பாக ஒன்று வந்து உட்காரும், தோளில் மட்டும் நீலம் மின்னும். தாங்கள் பிரசுரித்த படத்திலோ நெற்றியில் நீலப்பட்டை! அது தென்னிந்தியப் பூங்குருவி.

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தமும் சரியான படமும் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13