ரோமுக்குக் குழுப் பயணம் நடத்துவோருக்கு: கீட்ஸ் இறந்த வீட்டுக்கு அரை நாள் கொடுங்கள்

அன்புள்ள பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். ரோம் திட்டத்தில் ஸ்பானியப் படிக்கட்டு தவறாமல் இருக்கிறது. ஆனால் படிகளை நோக்கி நின்றால் வலக்கைப் பக்கம் ஒட்டி நிற்கும் 26-ஆம் எண் வீட்டுக்குள் யாரையும் அழைத்துப் போவதில்லை. ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் காசநோயோடு 1820 நவம்பரில் அங்கே வந்தார். 1821 பிப்ரவரி 23 இரவு, 25 வயதில், அங்கேயே இறந்தார். கல்லூரியில் அவர் கவிதையைப் படித்தவர்கள் குழுவில் இருக்கும்போது அந்த வாசலைத் தாண்டிப் போவது பெரிய இழப்பு.

இப்போது கீட்ஸ்-ஷெல்லி இல்லம் என்ற அருங்காட்சியகமாக இருக்கும் அந்த வீடு திங்கள் முதல் சனி வரை திறந்திருக்கும், ஞாயிறு விடுமுறை. மதியம் 1 முதல் 2 வரை மூடிவிடுவார்கள். குழுக்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்: பன்னிரண்டரைக்கு வந்து, பாதியில் வெளியேற வேண்டியிருக்கும். காலை 10 மணிக்கே போங்கள். நாற்பது பேரை ஒன்றாக ஏற்றாதீர்கள். கீட்ஸின் அறையில் ஏழெட்டுப் பேர் நின்றாலே நெருக்கடி. ஒரு பிரிவு மேலே இருக்கையில் மற்றவர்கள் கீழே பர்காச்சா நீரூற்றைப் பார்க்கட்டும். ஸ்பானியப் படிக்கட்டில் மட்டும் உட்கார வேண்டாம், அபராதம் உண்டு. வீட்டுக்குள் மாடிப்படி ஏற வேண்டும் என்பதை முதியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வழிகாட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். கீட்ஸின் புகழ்பெற்ற நைட்டிங்கேல் பாடல் இங்கே பிறந்தது என்று சொல்லாதீர்கள். அது 1819-இல் லண்டன் ஹாம்ஸ்டெட்டில் எழுதியது. அங்கே அவர் குடியிருந்த வீடும் அருங்காட்சியகமாக இருக்கிறது. இந்த ரோம் வீட்டின் பெயரில் இன்னோர் ஆங்கிலக் கவிஞரான ஷெல்லி இருந்தாலும் அவர் இங்கே குடியிருந்ததில்லை. ரோமில் கீட்ஸால் கவிதை எழுத முடியவில்லை. காதலி ஃபேனி பிரானின் கடிதங்களைப் பிரித்துப் படிக்கக்கூட மனம் தாங்காமல் சவப்பெட்டியில் வைக்கச் சொன்னார்.

அந்தச் சிறிய அறையில் இருக்கும் கட்டில் அவருடையது அல்ல. காசநோய்க்கு அஞ்சிய அன்றைய சட்டப்படி அறைச் சாமான்களை எரித்துவிட்டார்கள். கணப்படுப்பும், பூ வரிசைகள் கொண்ட உத்தரமும்தான் அவர் காலத்தவை. ஆகவே எல்லோரையும் தலை நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்: படுத்த படுக்கையாய்க் கிடந்தவரின் கண்ணில் நாள் முழுதும் பட்டவை அந்தப் பூக்கள். ஜன்னல் வழியே படிக்கட்டின் சந்தடி கேட்கும். அங்கே ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் இருக்க விடுங்கள்.

பிறகு கல்லறைக்குப் போகாவிட்டால் பயணம் பாதிதான். ஸ்பாக்னா நிலையத்தில் ஏ வழித்தட மெட்ரோவில் அனாக்னீனா பக்கம் ஏறி, தெர்மினியில் பி வழித்தடத்துக்கு மாறி, பிராமிதே நிலையத்தில் இறங்குங்கள். கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கான கல்லறைத் தோட்டம் அருகிலேயே இருக்கிறது. கீட்ஸ் இருப்பது அதன் பழைய பகுதியில், பண்டைய ரோமானியர் செஸ்தியஸின் கல்லறையான பிரமிடு ஓரத்தில். கல்லில் அவர் பெயரே கிடையாது. தன் பெயர் நீரில் எழுதப்பட்டது என்ற வாசகம்தான் இருக்கும். பெயரைத் தேடி அலைகிறவர்களுக்குப் பக்கத்துக் கல்லில் உள்ள ஜோசப் செவர்னின் பெயரை அடையாளம் சொல்லுங்கள்; கடைசிவரை உடனிருந்து பார்த்துக்கொண்ட நண்பர் அவர். கீட்ஸின் கல்லில் பிப்ரவரி 24 என்றிருப்பதையும் கேட்பார்கள். அன்றைய ரோமில் மாலையோடு அடுத்த நாள் தொடங்கிவிடும். அவர் இறந்தது இரவு 11 மணியளவில். ஷெல்லியின் சாம்பல் மேல்பகுதியில், பழைய மதிலை ஒட்டி இருக்கிறது.

அடுத்த பருவத்துக்கான திட்டத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன், கடைவீதிக்கு ஒதுக்கிய ஒரு காலைப்பொழுதை இதற்கு மாற்றித் தாருங்கள். திறக்கும் நேரத்தை அந்தந்த வாரம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஆங்கிலக் கவிதை கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்