ஜன்னலோரம் முதலில் ஏறட்டும்

ஆசிரியருக்கு,

விமானத்தில் ஏறும் வரிசை குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். பின்வரிசையினரை முதலில் ஏற்றினால் நேரம் மிச்சமாகும் என்றுதான் தோன்றும். ஆனால் வானியற்பியலாளர் ஜேசன் ஸ்டெஃபென் நடத்திய சோதனையில், ஒழுங்கின்றி ஏறியவர்களே பின்வரிசையிலிருந்து வரிசையாக ஏறியவர்களைவிட விரைவாக அமர்ந்தார்கள். பின்னாலிருந்து ஏற்றும்போது பக்கத்துப் பக்கத்து வரிசைக்காரர்கள் ஒரே நேரத்தில் பெட்டியைத் தூக்கி வைக்க நிற்பதால் நடைபாதை அடைத்துக்கொள்கிறது.

அண்மையில் முழங்கால் வலியுள்ள என் அம்மாவுடன் பயணம் செய்தேன். முன்னுரிமை வரிசை முழுக்கக் கூடுதல் கட்டணம் செலுத்தியவர்கள். உள்ளே போன பிறகும் அம்மா நெடுநேரம் நின்றார், பாவம். ஜன்னலோரம், அப்புறம் நடு இருக்கை, கடைசியில் நடைபாதையோரம் என அழைக்கலாம். யுனைடெட் ஏர்லைன்ஸ் 2023 அக்டோபரில் இம்முறைக்கு மாறியது. முதியோரையும் கைக்குழந்தையுடன் வருவோரையும் கட்டணமின்றி எல்லோருக்கும் முன்பாக ஏற்ற வேண்டும்.

– ஒரு வாசகர்