மூன்றாவது ஆள் எங்கே? வாசிகசாலைத் திரையிடல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்பின் தம்பி தங்கைமாருக்கு,

வணக்கம். வாசிகசாலைக் கதவில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவித்தலை நேற்றுப் பின்னேரம் பார்த்தேன். சென்ற மாதப் படத்துக்குக் கலவையான கருத்துகள் வந்தபடியால் பழைய ஆங்கிலப் படங்களை இனிப் போடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நேரில் வந்து கேட்டால் "சரி அன்ரி, பார்ப்பம்" என்று சொல்லி அனுப்பிவிடுவீர்கள். அதனால்தான் எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

அன்றைக்கு வராதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. படத்தின் பெயர் 'மரூண்ட்'. மனிதன் சந்திரனில் கால் வைத்த அதே 1969இல், ஆண்டுக் கடைசியில் வந்தது. மாதக்கணக்கில் விண்வெளியில் வேலை செய்த மூன்று பேர் பூமிக்குத் திரும்ப வெளிக்கிடுகிறார்கள். எஞ்சின் பற்றவில்லை. கையில் இருப்பது ஏறக்குறைய இரண்டு நாளுக்கான ஒக்சிசன். கீழே கட்டுப்பாட்டு அறையில் பொறுப்பாளராக நடிகர் கிரகரி பெக், காப்பாற்றப் போவதா இல்லையா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் கதை. இதைச் சொல்லப் படம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது.

படம் முடிந்ததும் "நல்லம் என்பவர்கள் கை உயர்த்துங்கோ" என்றீர்கள். பாதிப் பேர் உயர்த்தினோம். மற்றப் பாதி தேத்தண்ணிப் பக்கம் போய்விட்டது. அந்தக் கணக்கை வைத்துத்தான் இந்த முடிவு என்று நினைக்கிறேன். ஆனால் தேத்தண்ணிக்கு நின்றபோது சனம் கதைத்ததை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். என் தங்கைக்கு அந்த பீப், பீப் என்ற கருவிச் சத்தத்தில் தலையிடி வந்துவிட்டதாம். பாட்டு வேண்டாம், பின்னணி இசையாவது போட்டிருக்கலாமே என்றாள். எனக்கோ அந்த இசை இல்லாததுதான் பிடித்தது. எங்கே பயப்பட வேண்டும், எங்கே அழ வேண்டும் என்று வயலின் வந்து சொல்லித்தரவில்லை. ஏ.எல். படிக்கிற பெடியன் ஒருவன் "சரியான இழுவை, நடக்காத கதை" என்றான். பக்கத்தில் நின்றவள் உடனே விண்வெளி வீராங்கனை சுனிதா வில்லியம்ஸை இழுத்தாள். எட்டு நாள் என்று 2024 ஜூனில் போனவர் 2025 மார்ச்சில்தானே திரும்பினார் என்று கேட்டாள். பெடியன் கொஞ்சம் யோசித்துவிட்டு, அவருக்குச் சாப்பாடும் காற்றும் இருந்தன, இவர்களுக்கு இல்லையே என்றான். நல்ல பதில். இப்படிப்பட்ட கதை உங்கள் கை எண்ணிக்கையில் எங்கே வருகிறது?

அந்தத் தம்பிக்கு ஒரு விஷயம் சொல்ல விட்டுவிட்டேன், இங்கே சொல்கிறேன். இந்தப் படத்துக்கு விசேட காட்சி உத்திகளுக்கான ஒஸ்கார் விருது கிடைத்தது 1970 ஏப்ரல் 7ஆம் திகதி. சந்திரனுக்கென்று அப்பலோ 13 கப்பல் கிளம்பியது 11ஆம் திகதி. 13ஆம் திகதி அதன் ஒக்சிசன் தாங்கி வெடித்தது. மூன்று பேர், பழுதான கப்பல், குறைந்துகொண்டு போகும் இருப்பு. படம் பார்த்த சூடு ஆறுவதற்குள் அதே பயம் உண்மையாக வந்து நின்றது. 1973இல் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்துக்குப் போன மூவரின் கப்பலில் கசிவு ஏற்பட்டபோது நாசா ஐந்து ஆசனம் வைத்த மீட்புக் கப்பல் ஒன்றை ஆயத்தப்படுத்தத் தொடங்கியது. கடைசியில் அது தேவைப்படவில்லை. படத்தில் ரஷ்யாக்காரன் ஒக்சிசனோடு உதவிக்கு வரும் கட்டத்தில் பின்வாங்கில் சிரித்தார்களே, 1975 ஜூலையில் அமெரிக்கக் கப்பலும் சோவியத் கப்பலும் வானத்தில் ஒன்றோடொன்று பொருந்தி நின்றன, இரண்டு பக்கத்தாரும் கைகொடுத்துக்கொண்டார்கள். பனிப்போர் நடுவில் அந்தக் காட்சியை வைத்தவர்களுக்குத் துணிவு இருந்திருக்கிறது.

அதற்காகப் படத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் நான் தயாரில்லை. கிரகரி பெக் அரைவாசிப் படத்துக்குக் கற்சிலை மாதிரி இருக்கிறார். வசனங்கள் பல இடத்தில் அறிக்கை வாசிப்பது போல. விண்வெளியில் நிற்கும் மூவரின் மனைவிமாரையும் வடிவாக உடுத்தி, கண்கலங்க வைத்து, வேறு ஒரு வேலையும் கொடுக்கவில்லை. எனக்கு அதில் கோபம்தான். அமெரிக்காவிலேயே தொண்ணூறுகளில் இதற்கு வேறு பெயர் ஒட்டி, கேலி பண்ணும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் போட்டார்கள்.

ஆனால் அந்த மனைவிமார் கணவர்களோடு கதைக்கும் இடத்தில் என் பக்கத்தில் இருந்த அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். முழுக் கட்டுப்பாட்டு அறையும் காது கொடுத்துக்கொண்டிருக்க, சொல்ல நினைத்த எதையும் சொல்லாமல் பிள்ளைகளின் சுகத்தைப் பற்றிக் கதைக்கிறார்கள். கொமினிகேசன் கடையில் வரிசையில் நின்று, பின்னால் பத்துப் பேர் கேட்க, மீற்றர் ஓட ஓட வெளிநாட்டில் இருந்த பிள்ளையோடு கதைத்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். உங்களுக்கு வீடியோ கோல் இருக்கிறது, அதில் குற்றம் இல்லை. எங்களுக்கு அந்தக் காட்சி இழுவையாகப் படவில்லை, அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

ஒக்சிசன் மானியைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள் என்று ஒரு குறை. தொண்ணூறுகளின் முதல் பாதியில் இங்கே யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு திரி. அந்த வெளிச்சத்தில்தான் நான் ஓ.எல். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கண் தன்பாட்டில் போத்தலின் அடிக்குப் போகும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ செய்தி கேட்டோம். சுற்றுகிற பெடியன் களைத்தால் செய்தியும் களைக்கும். அப்படி இருந்த ஆளுக்கு ஒரு முள் மெல்ல மெல்ல இறங்குவதைப் பார்க்கச் சலிக்குமா?

சூறாவளிக் காட்சிக்கும் இரண்டு கட்சி. மீட்பு ரொக்கெட்டை ஏவ இருக்கும் நேரத்தில் புயல் வந்துவிட, அதன் கண் மேலே வரும் இடைவெளியில் ஏவுகிறார்கள். 'சினிமாச் சேட்டை' என்றார் ஒருவர். பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஐயா ஒருவர், கடலில் போனவர், பொறுமையாக விளங்கப்படுத்தினார்: புயலின் நடுவில் காற்று நின்றுபோகும், வானம்கூட வெளிக்கும், அதை நம்பி வெளியே போகிறவன்தான் சாவான், ஏனென்றால் காற்று மறுபக்கத்தால் திரும்பி வரும். ஆகவே கண் சரி. கண் வரும் முன் அடித்த முதல் பாதிக் காற்றில் அந்த ரொக்கெட் எப்படி நட்டது நட்டபடி நின்றது என்பதுதான் என் கேள்வி. அதற்கு ஐயாவும் சிரித்தார்.

சரி, இப்போது உண்மையான முறைப்பாட்டுக்கு வருகிறேன். மழை இருட்டிக்கொண்டு வந்ததும் உங்களில் ஒருவர் லப்டொப்பில் படத்தைக் கால் மணித்தியாலம் அளவுக்கு முன்னுக்குத் தள்ளினார். அவசரம் விளங்குகிறது, புரொஜெக்டர் இரவல். ஆனால் தள்ளிய இடம் எது தெரியுமா? இருக்கிற ஒக்சிசன் மூன்று பேருக்குப் போதாது என்று தெரிந்தபின், தலைவர் புரூட் பழுது பார்க்கப் போவதாகச் சொல்லிக் கப்பலுக்கு வெளியே போகும் இடம். பழுது பார்க்க முடியாதென்று எல்லாருக்கும் தெரியும். அவருடைய உடை கிழிகிறது. தற்செயலா, வேண்டுமென்றா என்று படம் உடைத்துச் சொல்லாது. முழுப் படமும் ஏறி ஏறி வந்து நிற்பது அந்த இடத்தில்தான். அதை வெட்டிவிட்டு, "பிடித்ததா" என்று கை உயர்த்தச் சொன்னால் சனம் என்ன செய்யும்? கதையில் ஓட்டை என்று சொன்னவர்களில் எத்தனை பேர் அந்த ஓட்டையைத்தான் சொன்னார்கள்? முன்வரிசையில் இருந்த பெரியம்மா வெளியே வரும்போதே கேட்டார்: "மூண்டு பேரெல்லே போனவை, ரெண்டு பேர்தானே வந்தவை?"

ஆகவே கேட்கிறேன். அந்த அறிவித்தலைக் கழற்றுங்கள். பழைய படம் மாதம் ஒன்று வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒன்று போதும். முதலில் ஐந்து நிமிடம் தமிழில் கதையின் சூழலைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஆங்கிலத் துணையெழுத்து ஓடுகிற வேகத்துக்கு எங்கள் கண் ஓடாது. நான் சொல்லத் தயார், சம்பளம் வேண்டாம். கருத்துக் கேட்பதைத் தேத்தண்ணிக்கு முன்னால் வைக்காமல், தேத்தண்ணியோடு வையுங்கள். அடுத்த தடவை 1995இல் வந்த 'அப்பலோ 13'ஐப் போடுங்கள். அது வேகமான படம், பெடியளுக்குப் பிடிக்கும்; இரண்டையும் பக்கத்தில் வைத்து அடிபடலாம்.

அதற்கு முன்னால், நீங்கள் தள்ளிவிட்ட அந்தக் கால் மணித்தியாலத்தை மட்டும் ஒருநாள் பின்னேரம் போட்டுக்காட்டுங்கள். பெரியம்மா நேற்றும் கோயிலடியில் என்னை மறித்துக் கேட்டார். நான் சொல்லவில்லை. இந்தச் சின்ன எழுத்தை அவர் வாசிக்கமாட்டார், நீங்களும் வாய் திறந்துவிடாதீர்கள். திரை பெரிது, அதில் அவருக்கு வடிவாகத் தெரியும்.

இப்படிக்கு,
கடைசி வரிசையில், மின்விசிறிக்குக் கீழே இருந்த அன்ரி
யாழ்ப்பாணம்