வரும் ஆண்டின் தையல் திட்டம் குறித்து

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரும் ஜனவரி முதல் டிசம்பர் வரை தமக்கெனத் தாமே தைத்துக்கொள்ள விரும்பும் உடைகளின் பட்டியலை இம்மாதம் 28ஆம் தேதிக்குள் ஒவ்வொருவரும் இங்கே பதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பட்டியல் எழுதும் முன், சேலத்தை அடுத்த இளம்பிள்ளை ஊர்ச் சேலைகளோடு வந்து, தைக்கப்படாமலே அலமாரியில் மடித்துக் கிடக்கும் ரவிக்கைத் துணிகளை எண்ணிப் பார்க்கவும். அவை முடியும்வரை ஆடித் தள்ளுபடியிலும் புதுத் துணி வாங்குவதில்லை என்று நான் முடிவு செய்திருக்கிறேன். (எவ்வளவு நாள் தாங்கும் என்பது வேறு.) சென்ற ஆண்டு 12 உடைகள் என்று எழுதி 4 மட்டுமே முடித்தேன், அவற்றிலும் ஒரு குர்தா, துணியை நனைக்காமல் வெட்டியதால் முதல் சலவையிலேயே சுருங்கி, அக்காள் மகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆகவே, பருத்தித் துணியையும் லைனிங்கையும் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, தேய்த்த பிறகே வெட்டவும். கிராஸ் கட் ரவிக்கையில் துணி 45 பாகை சாய்வில் வெட்டப்படுவதால் கூடுதலாகச் செலவாகும். முழங்கை வரை கை வைப்போர் 80 செ.மீ. துணியை நம்பாமல் 1 மீட்டராக எடுப்பது நல்லது.

சேலத்துச் சித்திரை வெயிலுக்கு மெல்லிய பருத்தி உடைகளை மாசிக்குள் தைத்துவிட வேண்டும். ஏற்காட்டு உறுப்பினர்கள் மார்கழிக் குளிருக்கான ஃபிளானல் உடைகளை ஐப்பசியில் தொடங்கலாம்.

முதல் கூடுகை பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு காலை 10 மணிக்கு நடைபெறும். அளவு நாடாவையும், உங்களுக்குச் சரியாகப் பொருந்தும் பழைய ரவிக்கை ஒன்றையும் கொண்டுவரவும்.