இழுவைத் தடத்தையும் குறியிட்டுத் தாருங்கள்

காடுகளில் மரம் வெட்டத் திட்டம் வகுக்கும் அலுவலர்களுக்கும், அதை நிறைவேற்றும் ஒப்பந்ததாரர்களுக்கும்,

வணக்கம். "இது முழு வெட்டு அன்று, தேர்ந்தெடுத்த மரங்களைத்தான் எடுக்கிறோம், ஆகவே காட்டுக்குப் பாதிப்பு இராது" என்னும் விளக்கத்தை என்னால் ஏற்க இயலவில்லை. எத்தனை மரம் விழுகிறது என்பதைப் போலவே, அது எப்படி விழுகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்பதும் காட்டின் கதியைத் தீர்மானிக்கிறது.

ஓரிடத்து மரங்களை எல்லாம் ஒருசேர வீழ்த்தும் முழு வெட்டின் கேட்டை நான் மறுக்கவில்லை. அமெரிக்காவின் ஹப்பார்டு புரூக் ஆய்வுக் காட்டில் 1965ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியின் மரங்களை எல்லாம் வீழ்த்தி, களைக்கொல்லியால் மறுமுளைப்பையும் தடுத்தபோது, தடிகளை வெளியே இழுக்காமலும் பாதை போடாமலும் இருந்துங்கூட, ஓடை நீரில் நைட்ரேட் என்னும் தாவரச் சத்து பன்மடங்கு பெருகியது. மண்ணின் சத்து நீரோடு போயிற்று. ஆனாலும் வெயிலை விரும்பும் பைன் போன்ற சில இனங்கள் திறந்த வெளியில்தான் நன்றாக முளைக்கின்றன என்பதால், எல்லா இடத்திலும் அம்முறை தவறென்று சொல்ல மாட்டேன்.

என் கவலை தேர்வு வெட்டைப் பற்றியது. வெப்பமண்டலக் காட்டில் பெருங்கொடிகள் ஒரு மரத்தின் உச்சியை அடுத்த மரத்தின் உச்சியோடு பிணைத்திருக்கும். அவற்றை முன்கூட்டியே அறுக்காமல் மரத்தைச் சாய்த்தால், அது அண்டை மரங்களின் கிளைகளை முறித்து, சிலவற்றை வேரோடும் இழுத்துக்கொண்டுதான் விழுகிறது. பின்பு இயந்திரம் நினைத்த திசையில் எல்லாம் தடியை இழுக்கிறது. அப்படித் தடி இழுபட்ட இழுவைத் தடத்தில் மழைக்குப் பிறகு குனிந்து பாருங்கள்: சக்கரம் அழுத்திய பள்ளத்தில் நீர் இறங்காமல் நிற்கும்; அங்கே முளைத்த கன்றைப் பிடுங்கினால், கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் வளைந்த வேரைக் காணலாம். மண் இறுகுவதில் பெரும்பங்கு இயந்திரத்தின் முதல் சில ஓட்டங்களிலேயே நடந்துவிடுகிறது. எனவே தடங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே தீர்வு, ஒவ்வொரு தடத்திலும் ஓட்டங்களைக் குறைப்பதால் பெரிய பயன் இல்லை.

இன்னொன்று: நேரான, பருத்த மரங்களையே ஒவ்வொரு முறையும் எடுத்தால், விதை தருவதற்குக் கோணலும் நோயுற்றவையுமே மிஞ்சும்.

ஆகவே வெட்டுக்குப் பல மாதங்கள் முன்பே கொடிகளை அறுக்கவும், சாயும் திசையையும் இழுவைத் தடத்தையும் வரைபடத்தில் குறித்து, தரையிலும் சாயம் பூசி அடையாளமிடவும், ஓடைக்கரையை விட்டு விலகவும், மண் ஈரமாக இருக்கும் நாட்களில் இயந்திரத்தை நிறுத்தவும், நல்ல தாய்மரங்களை எண் குறித்து விட்டுவைக்கவும் வேண்டுகிறேன். இவையனைத்தும் ஒப்பந்தப் பத்திரத்தில் நிபந்தனையாக எழுதப்பட வேண்டும். வெட்டு முடிந்த பின் யாரேனும் ஒருவர் தடங்களை நடந்து பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே இறுதித் தொகை வழங்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
காட்டின் மேல் அக்கறை கொண்ட ஒரு வாசகர்